அப்பா வழியாக வந்தது

மாதவிலக்கு தள்ளிப்போனபோது எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்ததால் நானும் என் கணவரும் அதை நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டோம். புளியங்குடி சந்தையில் எலுமிச்சை ஏற்றி நாகர்கோவிலில் இறக்கிவிட்டு வந்தவர், லோடு வண்டியை வாசலில் போட்டுவிட்டு அப்படியே மெடிக்கலுக்கு நடந்துபோய் பரிசோதனை அட்டை வாங்கிவந்தார். ஒரு கோடுதான் விழுந்தது. "அவசரப்பட்டுட்டோம்ட்டி, ஒரு வாரம் போகட்டும்" என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் ஒரே கோடு. அடுத்த மாதமும் விலக்கு வரவில்லை, இரண்டாவது கோடும் வரவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி முதலாளியிடம் எனக்கு வேலை. சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சிலிருந்து முகத்துக்குத் தீ ஏறியது மாதிரி ஒரு சூடு. கழுத்தெல்லாம் வேர்த்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி, "ரெண்டு பேனும் ஓடுது, உனக்கு மட்டும் எங்கன இருந்து இப்படி ஊத்துது?" என்று கேட்டாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கேட்டுவிட்டு அவளே என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எனக்கு இப்படித்தான் வருது. ஆனா எனக்கு நிக்கிற வயசு. உனக்கு எதுக்கு?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசாதவர். ரிப்போர்ட்டைப் படித்து முடித்ததும் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க மூளையில இருந்து முட்டைப்பைக்கு ஒரு ஹார்மோன் போகும். முட்டையை வளத்து விடுன்னு சொல்லுறது அதுதான். பதில் வரலன்னா மூளை இன்னும் சத்தமா கூப்பிடும். உங்களுக்கு அந்த ஹார்மோன் உச்சத்துல நிக்குது. முட்டைப்பையில இருந்து பதில் இல்ல."

"கர்ப்பப்பையில கோளாறா டாக்டர்?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பையைத்தான் குற்றம் சொல்வார்கள்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கு. முட்டைப்பை தர்ற ஹார்மோன் வந்தாத்தான் அது வேலை பாக்கும். வரல, அதனால சும்மா கிடக்கு. முட்டைதான் சீக்கிரமே தீந்துபோச்சு. நாப்பத்தஞ்சு, அம்பதுல நடக்க வேண்டியது உங்களுக்கு இப்பவே நடக்குது."

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்டுகிற கை, காய்ப்புக் காய்த்த கை. நான் அழவில்லை. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றிருந்தது. அதையே கேட்டேன்.

"பல நேரம் காரணம் தெரியாது. ஆனா ரெண்டு கேள்வி கேக்கேன்" என்றார். "உங்க குடும்பத்துல எந்தப் பிள்ளைக்காவது பேச்சு லேட்டா வந்து, படிப்பு ஏறாம, சும்மா சும்மா கையைத் தட்டிக்கிட்டு, ஆள் முகத்தைப் பாக்காம, அப்படி யாராவது இருக்காங்களா?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பனவடலிசத்திரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்காவின் மகன் அப்படியே இருந்தான். ஒன்பது வயதில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தைதான் பேசுவான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடிப்பான்.

"அக்கா பையன்" என்றேன்.

"அம்மா அப்பாவுல யாருக்காவது வயசான பிறகு கை நடுக்கம், நடையில தள்ளாட்டம்?"

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பது பல வருடங்களாக அவர்தான். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போதே அவருக்குக் கை ஆட ஆரம்பித்தது. சும்மா மடியில் வைத்திருந்தால் ஆடாது. டம்ளரை எடுக்கப் போனால்தான் ஆடும். பிறகு நடையும் மாறியது. காலை அகட்டி வைத்து, தெருவின் இரண்டு ஓரத்துக்கும் நடந்தார். ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தது. சாராய வாசமே பிடிக்காத மனிதரை, ரகசியமாகக் குடிக்கிறவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். "இந்தக் குடும்பத் தலைவனைக் கட்டிவைத்திருக்கிற கட்டுகளை அவிழ்த்துவிடும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். அப்பா ஆமென் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து வேதபாடம் வாசிக்கப் போவதை நிறுத்திவிட்டார். அம்மா அவர் தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்ததை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வாசம் எதுவும் இல்லை என்று தெரிந்தும் அவள் மறுபடி பார்த்தாள்.

"அப்பாவுக்கு இருக்கு டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அப்ப ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்திருவோம்" என்றார்.

ரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வர நாளானது. வந்தபோது நான் நினைத்ததை விடத் தெளிவாக இருந்தது. எக்ஸ் குரோமோசோமில் ஒரு ஜீன். அதன் முனையில் மூன்று எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் அது கொஞ்சத் தடவை வரும். சிலருக்கு அதிக தடவை வரும். அது ஒரு அளவைத் தாண்டினால் ஜீன் மொத்தமாக மூடிக்கொள்ளும். டாக்டரம்மா இதைத் தாளில் வரைந்து காட்டத் தொடங்கினார். திரும்பத் திரும்ப வரும் பூவையும் இலையையும் எண்ணிக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறவள் நான். பாதியிலேயே பிடிபட்டுவிட்டது.

"அப்பாவுக்கு நடு அளவுல இருக்கும். ஆம்பளைக்கு ஒரு எக்ஸ்தான். அதைப் பொம்பளைப் பிள்ளைக்குத்தான் குடுக்க முடியும், அதனால உங்களுக்கும் அக்காவுக்கும் நிச்சயம் வந்திருக்கும். அப்பாகிட்ட இருந்து வரும்போது பெரும்பாலும் கூடாது. அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போகும்போதுதான் சில நேரம் ஒரேயடியா நீண்டுரும். அக்கா பையனுக்கு அப்படித்தான் ஆகியிருக்கும்."

"அக்காவுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதே?"

"நடு அளவு இருக்கிற எல்லாப் பொம்பளைக்கும் முட்டைப்பை அடிபடாது. கொஞ்சப் பேருக்குத்தான். அக்கா தப்பிச்சுட்டாங்க, நீங்க மாட்டிக்கிட்டீங்க."

மாட்டிக்கொண்டாய் என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ராத்திரி கண் விழித்தது, கல்யாணத்துக்கு முன் ஒல்லியாக வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்தது, கம்ப்யூட்டர் சூடு என்று நான் எண்ணி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் ஒரே நாளில் கழன்று விழுந்தன.

அக்காவிடம் சொல்ல நேரே பனவடலிசத்திரம் போனேன். அவள் அடுப்பங்கரையில் மகனுக்குத் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பெரிய துண்டானால் அவன் வாயில் வைக்க மாட்டான். நான் சொல்லச் சொல்ல அவள் கை நின்றது.

"அப்ப என் மாமியா சொன்னது சரிதானாட்டி? உங்க வீட்டுச் சீருதான் இந்தப் பயன்னு அவுக சொல்லாத நாள் கிடையாது. நான் எத்தனை சண்டை போட்டிருக்கேன்."

"நம்ம வீட்ல இருந்து வந்ததுதான்க்கா. அதை ஒத்துக்கிடுவோம். ஆனா நீ மாசமா இருக்கும்போது சரியா சாப்பிடல, கிரகணத்துல வெளிய போன, பயலுக்குப் பேச்சுக் குடுக்காம போனைக் குடுத்தன்னும் சொன்னாங்கல்லா? அது ஒண்ணும் இல்ல. நீ செஞ்சு வந்தது இல்ல இது."

மகன் தட்டை இழுத்துத் தானே தோசையைப் பிய்க்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள். "இதுக்கு மருந்து உண்டா?"

"ஜீனை மாத்த மருந்து இல்ல. ஆனா என்னன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன சொல்லிக் குடுக்க ஆளு இருக்காங்க. பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி. இனி அடிச்சுத் திருத்தணும்னு யாரும் சொல்ல முடியாது."

"சரி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு விஷயம் சொன்னாள். "அப்பாட்ட மட்டும் சொல்லாத. எல்லாம் என்னால வந்ததுன்னு உடைஞ்சு போயிருவாவ."

இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. உண்மை தெரிந்தால் அவர் தாங்க மாட்டார் என்றாள் அவள். தெரியாமலேயே அவர் இத்தனை வருடம் எதையெதையோ தாங்கிக்கொண்டுதானே இருக்கிறார் என்றேன் நான். கடைசியில் நான் சொன்னபடிதான் நடந்தது. எங்கள் வீட்டில் இளையவள் நானானாலும் பிடிவாதம் என்னுடையது.

அப்பாவையும் அம்மாவையும் திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அக்காவும் வந்தாள். டாக்டர் அப்பாவை ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். அப்பாவால் முடியவில்லை. மூக்கைத் தொட்டு டாக்டரின் விரலைத் தொடச் சொன்னார். விரலுக்குப் பக்கத்தில் வந்ததும் கை படபடத்தது. தலை ஸ்கேனையும் எனக்கும் அக்கா மகனுக்கும் எடுத்த ஜீன் முடிவையும் பார்த்துவிட்டு, அப்பாவிடமே எல்லாவற்றையும் சொன்னார். இந்த நடுக்கமும் தள்ளாட்டமும் பிறவியிலேயே இருக்கிற ஒரு ஜீனால் வயதான பிறகு வருவது. அதே ஜீன்தான் சின்ன மகளுக்கு முட்டைப்பையைப் பாதித்திருக்கிறது. அதே ஜீன்தான் பேரனிடம் போய் நீண்டிருக்கிறது.

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். அப்பா தலையைக் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "டாக்டர், குடிச்சா வர்ற நடுக்கம் இல்லங்கிய?" என்று கேட்டார்.

டாக்டருக்குப் புரியவில்லை. "குடிப்பீங்களா?"

"ஒரு சொட்டு கிடையாது."

"அப்ப இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே எழுந்து போய்விட்டாள். மோந்து பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தூங்குகிறவர் போலப் படுத்திருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான், நடுவில் அப்பா. ஊர் வருவதற்குள் என் காதில் மட்டும் கேட்கும்படி, "மக்கா, உனக்கு நான் நல்லது எதுவும் தரலியோ" என்றார்.

"இந்த மூக்கையும் நீங்கதான் தந்தீங்க. கணக்கையும் நீங்கதான் தந்தீங்க. எதைத் தரணும், எதை வச்சுக்கிடணும்னு உங்களைக் கேட்டா போச்சு?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவே, வேதபாடம் வாசிக்க வேண்டியவர் எழுந்திருக்கும் முன்பே அப்பா எழுந்துவிட்டார். வாசிப்பு மேஜைக்கு அகட்டி அகட்டி நடந்து போய், மேஜையின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மேஜையே ஆடியது. "என் கை ஆடும். இது நரம்பு வியாதி. டாக்டர் சொல்லிட்டார். இது என்கிட்ட இருந்து என் பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் வேற வேற மாதிரி போயிருக்கு. யாரும் வேற எதுவும் நினைக்க வேண்டாம்" என்றார். பிறகு அன்றைய அதிகாரத்தை முழுவதும் வாசித்தார். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல். போதகர் தன் நாற்காலியில் அசையாமல் இருந்தார். ஆராதனை முடிந்ததும் அவர்தான் முதலில் வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். ஆடுகிற கையை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை எதுவும் வரவில்லை. அப்பா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அக்கா அன்று மகனை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அவன் நடுவில் இரண்டு முறை கத்தினான். யாரும் திரும்பவில்லை. அக்கா அவனை வெளியே கூட்டிக்கொண்டு ஓடவும் இல்லை.

இனி என் விஷயம். டாக்டரம்மா முதலில் எனக்கு ஹார்மோன் மாத்திரை தந்தார். பிள்ளைக்காக இல்லை, எலும்புக்கும் இருதயத்துக்கும் இந்த வயதில் அது வேண்டும் என்றார். சில வாரம் ஒரு மாத்திரை, கடைசி நாட்களில் அதோடு இன்னொன்று. இரண்டாவதை நிறுத்தியதும் விலக்கு வந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சலித்துக்கொண்ட ஒன்று வந்ததைப் பார்த்து நான் குளியலறைக்குள் நின்று தனியாகச் சிரித்தேன். கர்ப்பப்பை எங்கேயும் போய்விடவில்லை. கூப்பிட்டால் வருகிறது.

"கர்ப்பப்பைக்கு வயசு அவ்வளவா தெரியாது" என்றார் டாக்டரம்மா. "ஹார்மோன் எங்கன இருந்து வந்ததுன்னு அது கேக்காது. முட்டைப்பை குடுத்தாலும் சரி, நான் மாத்திரையில குடுத்தாலும் சரி. வேற ஒரு பொம்பளையோட முட்டையை வாங்கி, உங்க வீட்டுக்காரரோட சேத்து, கரு உண்டாக்கி உள்ள வைக்கலாம். சுமக்கது நீங்கதான்."

இதை யோசிக்க நாங்கள் அவசரப்படவில்லை. ஒருநாள் புளியங்குடியிலிருந்து சேர்ந்து வரும்போது என் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "பிள்ளைன்னு நினைச்சாலே எனக்கு உன் முகம்தான் வருது. அதான் யோசிக்கேன்" என்றார்.

"பிறக்கப்போற பிள்ளைக்கு அதோட முகம் இருக்கும். நான் அதுக்குத் தயார். நீங்க?"

அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ தயார்னா நானும் தயார்" என்றார்.

முட்டை தந்த பெண் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சட்டமும் இடம் தராது. எங்கேயோ ஒருத்தி நன்றாக இருக்கட்டும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கர்ப்பப்பையைத் தயார்படுத்த எனக்கு மறுபடி மாத்திரை. ஸ்கேனில் உட்சுவர் மூன்று கோடாகத் தெரிந்தது. "இதுதான் வேணும்" என்று டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். பிறகு இரண்டாவது ஹார்மோன் தொடங்கியது. கரு வைத்தார்கள். ஒட்டவில்லை.

அன்று நான் அழுதேன். எல்லாம் சரியாக இருந்தும் ஏன் என்று கேட்டேன்.

"முதல் ஹார்மோன் சுவரைக் கட்டும். ரெண்டாவது வந்த பிறகு அந்தச் சுவருக்குள்ள சில ஜீன் முழிக்கும், சில ஜீன் அடங்கும். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்தான் கருவை ஒட்ட விடும். முன்னாடி வந்தாலும் ஒட்டாது, பின்னாடி வந்தாலும் ஒட்டாது. கருவிலயும் குறை இருக்கலாம். இந்தத் தடவை எதுன்னு சொல்ல என்னால முடியாது" என்றார். தெரியாது என்று சொல்கிற டாக்டரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை இரண்டாவது ஹார்மோன் தொடங்கும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். கரு ஒட்டியது. மாற்றியதனாலா என்று கேட்டதற்கும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் பயம் வந்தது மூன்றாம் மாதம். மாத்திரையையெல்லாம் நிறுத்தச் சொன்னார். என் முட்டைப்பையில் இருந்து ஒன்றும் வராது. மாத்திரையில்தான் பிள்ளை நிற்கிறது என்று நான் நம்பியிருந்தேன். "டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் போடட்டுமா?" என்று கெஞ்சினேன்.

"வேண்டாம்மா. இப்ப நச்சுக்கொடி வளந்தாச்சு. உங்களுக்கு வேண்டிய ஹார்மோனை அதுவே தயார் பண்ணுது. இனி உங்க பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே பாத்துக்கிடும்."

மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு நாளும் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். படவில்லை. பிள்ளை வளர்ந்தது.

ஏழாம் மாதம் அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். கம்பை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, அம்மா உள்ளே போனதும் கேட்டார். "அப்ப இந்தப் பிள்ளைகிட்ட என்னது எதுவும் இருக்காது. அப்படித்தானே?"

"இருக்காதுப்பா. அதுக்கு நடுக்கமும் வராது, மத்ததும் வராது."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் இரண்டு கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. "நல்லது மக்கா" என்றார். "அதுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க மட்டும் எனக்கு நாள் இருக்கணும்."

பெண் குழந்தை பிறந்தாள். சிசேரியன். அவளைக் கொண்டுவந்து என் கழுத்தடியில் வைத்தபோது அவள் முகத்தில் நான் யாரையும் தேடவில்லை. தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. பால் ஊறியது. அதையும் ஹார்மோன் என்றுதான் சொல்லவேண்டும்.

அவளுக்கு இப்போது இரண்டு வயது. அக்கா மகன் வாரம் இருமுறை திருநெல்வேலிக்குப் பயிற்சிக்குப் போகிறான். பஸ் டிக்கெட்டைத் தானே கேட்டு வாங்குகிறான். "ரெண்டு, டவுனு" என்பான். கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது. அக்கா தன் நாத்தனாரின் மகளுக்குக் கல்யாணம் பேசும்போது, பயந்து கேட்டவர்களிடம், "இது எங்கப்பா வழியில வந்தது, இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று அவளே விளக்கிச் சொன்னாளாம். அந்த மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

போன வாரம் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் கதவோரம் வந்து நின்றார். "இவகிட்ட எப்பச் சொல்ல? எத்தனை வயசுல?" என்று கேட்டார்.

"நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"இப்பவா? இவளுக்கு என்ன புரியும்?"

"புரியுறப்ப புரியட்டும். எங்கேயோ இருக்க ஒரு அக்கா முட்டை குடுத்தா, அப்பா பாதி குடுத்தாவ, அம்மா வயித்துல வச்சு வளத்தேன்னு தினம் சொல்லுதேன். ஒருநாள் உக்கார வச்சு ரகசியம் மாதிரி சொன்னாத்தான் கஷ்டம்."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, சோப்பு நுரையோடு வழுக்குகிறவளை இரண்டு கையாலும் தூக்கினார். "சரி, நாளைக்கு நான் சொல்லுதேன்" என்றார்.